டீச்சர்கிட்ட கேளுங்க: பல்டி அடிக்கிற புள்ளைக்கு மொதல்ல மெத்தை

போன மாசம் இந்த பகுதியில ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுன தீபா கர்மாகர் பத்தி நாலே வரி எழுதியிருந்தேன். நம்ம சித்தூர் தாலூக்கா புள்ளைங்க கால்வாய் பாலத்துல இருந்து அடிக்கற பல்டிய பாத்தா தீபா மாதிரி ஒருத்தி இங்கயும் இருக்கலாம்னு தோணுது, ஆனா ஜிம்னாஸ்டிக்ஸ்னு ஒரு விளையாட்டு இருக்கறதே பாதி வீட்டுக்கு தெரியாதுன்னு. அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸப்பும் பாத்து எனக்கு அப்படி ஒரு சந்தோசம். அதனால இந்த தடவ முழுக்க அந்த கேள்விங்கதான். முப்பது வருசம் பாலக்காடு பக்கம் பி.டி. டீச்சரா இருந்தவ, காலேஜ்ல ரெண்டு வருசம் ஜிம்னாஸ்டிக்ஸ்ல பீம்லயும் (ஒல்லியான கட்டை மேல ஆடறது) ஃப்ளோர்லயும் (தரையில ஆடறது) ஆடுனவ, அந்த அனுபவத்துல தெரிஞ்சத சொல்றேன்.

ஒரு அம்மா, கொழிஞ்சாம்பாறை: என் பொண்ணுக்கு 7 வயசு டீச்சர். வைக்கப்போர்ல ஏறி அந்தர்பல்டி அடிக்கறா, இப்ப யூடியூப் பாத்து கட்டில் மேல நின்னு பின்பல்டி. அவ அப்பா ஒலிம்பிக்ஸ்ங்கறாரு, எங்க அத்தை கை கால் போயிரும்ங்கறாங்க. நான் யார் பேச்ச கேக்கறது?

அம்மிணி, இன்னிக்கு சாயந்தரமே அந்த கட்டில் பல்டிய நிறுத்துங்க. வைக்கப்போர்ல முன்னால உருள்றது வேற, கட்டில்ல இருந்து பின்னால அடிக்கறது வேற, பாதி சுத்துல புள்ளைக்கு பயம் வந்து ஒடம்ப விரிச்சுட்டான்னா தலதான் மொதல்ல தரைக்கு வரும், கழுத்துல அடி பட்டா பட்டதுதான். திட்டி நிறுத்தாதீங்க, அவ தப்பு எதுவும் பண்ணல. "இத சொல்லிக்குடுக்க ஆள் இருக்காங்க, அவங்ககிட்ட போலாம்"னு சொல்லி நிறுத்துங்க.

ஒழுங்கான எடத்துல மொதல்ல சொல்லிக்குடுக்கறது பல்டி இல்லைங்க, விழறது. தாடைய நெஞ்சோட ஒட்டி வெக்கணும், பின்னால விழறப்ப கைய நீட்டி ஊனக்கூடாது, தோள்பட்டையில உருண்டு எந்திரிக்கணும், குதிச்சு எறங்கறப்ப முட்டி மடங்கணும். இதையே மாசக்கணக்குல செய்ய வெப்பாங்க. போன மொத வாரமே பல்டி வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பற கோச்சுன்னா புள்ளைய கூட்டிட்டு வந்துருங்க.

தீபா அகர்தலாக்காரங்க, திரிபுரா. 6 வயசுல ஆரம்பிச்சாங்க, பாதம் தட்டையா இருந்துச்சு, தட்டை பாதம் ஓடி வந்து குதிக்கறதுக்கும் நின்னு எறங்கறதுக்கும் பெரிய தொந்தரவு. கோச் பிஸ்வேஸ்வர் நந்தி அந்த பாதத்துக்குன்னே வருசக்கணக்கா பயிற்சி குடுத்தாரு. சொல்ல வர்றது என்னன்னா உங்க பொண்ணுக்கு 7 வயசுங்கறது லேட் இல்ல, ஒடம்பு வாகு பர்பெக்டா இருக்கணும்னும் இல்ல.

எங்க போறதுன்னு கேப்பீங்க. நம்ம பக்கத்துக்கு தலச்சேரிதான், அங்க சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) சென்டர்ல ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்கு, பாலக்காட்டுல மங்களூர் போற ரயில் ஏறுனா நேரா போயிரலாம். செலக்சன் எப்போன்னு கேட்டுட்டு போங்க. போனா கோப்பைய எல்லாம் அப்பறம் பாருங்க, மொதல்ல மெத்தைய அமுக்கி பாருங்க. ஸ்பாஞ்ச் நெறச்ச குழி இருக்கான்னு பாருங்க. புது வித்தைய மொதல்ல அந்த குழியிலதான் பழகணும்.

ஏன் மெத்தை மெத்தைன்னு சொல்றேன்னா, நான் வேலை பாத்த ஒரு ஸ்கூல்ல, பேர் வேண்டாம், மூணு வருசம் மெத்தை கேட்டு எழுதிக்குடுத்தேன், வரல. ஆண்டு விழாவுக்கு மட்டும் புள்ளைங்கள பல்டி அடிக்க வைங்கன்னு உத்தரவு வந்துச்சு. மண்ணுல பழைய சாக்கு விரிச்சு பழக்கினோம். எட்டாம் கிளாஸ் பொண்ணு ஒருத்தி கைய ஊனி விழுந்து மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு. முடியாதுன்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லல. கட்டு பிரிச்சதுக்கு அப்பறமும் அவ கிரவுண்டு பக்கமே வரல, பி.டி. பீரியட்ல கிளாஸ்லயே ஒக்காந்திருப்பா. இப்பவும் அவ மொகம் எனக்கு நெனப்புல இருக்கு.

பிளஸ் டூ மாணவி, சித்தூர்: ரியோ ஒலிம்பிக்ஸ்ல தீபாவுக்கு நாலாவது எடம்தான, பதக்கம் இல்லையே. அத ஏன் இவ்வளவு பெருசா பேசறோம்?

கண்ணு, நீ கேட்டது ஞாயமான கேள்வி, கொஞ்சம் நீளமா சொல்றேன்.

2016 ஆகஸ்ட் 14, வால்ட் பைனல். 25 மீட்டர் ஓடி வந்து ஸ்பிரிங் போர்ட மிதிச்சு, 1.25 மீட்டர் உசர மேசையில கைய ஊனி எழும்பி, காத்துல வித்தைய முடிச்சு மெத்தையில நிக்கணும், எல்லாம் சேந்து சில செகண்டுதான். பைனல்ல ரெண்டு வால்ட், ரெண்டுக்கும் சராசரி எடுப்பாங்க. தீபாவோட சராசரி 15.066, வெண்கலம் வாங்குன சுவிட்சர்லாந்து கியூலியா ஸ்டைன்க்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.150. இது சராசரிங்கறதால ரெண்டு வால்ட்டையும் கூட்டுனா மொத்தம் 0.3 தான். ஜிம்னாஸ்டிக்ஸ் மார்க்குல சின்ன தப்புக்கு 0.1, நடுத்தர தப்புக்கு 0.3, பெரிய தப்புக்கு 0.5, விழுந்தா 1 முழுசா போகும். அப்ப ஒரே ஒரு நடுத்தர தப்பு, அவ்வளவுதான் பதக்கத்துக்கும் தீபாவுக்கும் நடுவுல.

அவங்க செஞ்ச ரெண்டாவது வால்ட் ப்ரோதுநோவா. ரஷ்யாவோட யெலீனா ப்ரோதுநோவா 1999ல மொதல்ல செஞ்சதால அந்த பேர். கைய ஊனி எழும்பி காத்துல முன்பக்கமா ரெண்டு சுத்து. முன்பல்டியில என்ன கஷ்டம்னா எறங்கற எடம் கண்ணுக்கு கடைசி வரைக்கும் தெரியாது, பின்பல்டின்னா தரைய பாத்துட்டே வரலாம், இதுல கணக்குலதான் கால விரிக்கணும். ஒலகத்துலயே இத போட்டியில செஞ்ச பொண்ணுங்கள கை வெரல்ல எண்ணிரலாம். ரியோவுல எறங்கறப்ப தீபா ரொம்ப கீழ குந்திட்டாங்க, ஆனா கால்ல எறங்கி எந்திரிச்சு நின்னாங்க, அதுக்கு 15.266. நான் அன்னிக்கு ராத்திரி முழிச்சிருந்து டிவியில பாத்தேன், அவங்க எந்திரிச்சு கைய தூக்குன அந்த நொடி நான் அழுதுட்டேன், எங்க வீட்டுக்காரர் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தாரு.

இன்னொண்ணு, ஒலிம்பிக்ஸ் ஜிம்னாஸ்டிக்ஸ்ல அதுக்கு முன்ன இந்தியா ஆள் எறங்குனது 1964ல. 52 வருசம் ஒருத்தருமே இல்ல. பொண்ணுங்கள்ல தீபாதான் மொத ஆள். அப்படி ஒரு எடத்துல இருந்து வந்து நாலாவது.

அதுக்கப்பறம் நடந்ததையும் தெரிஞ்சுக்கோ. 2017ல முட்டியில ஆபரேசன். 2018ல துருக்கி மெர்சின்ல திரும்பி வந்து வால்ட்ல தங்கம். மறுபடி காயம். அப்பறம் ஊக்கமருந்து டெஸ்ட்ல மாட்டி 21 மாச தடை, 2023 ஜூலைல முடிஞ்சுது. கத முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனச்சாங்க. 2024 மே மாசம் தாஷ்கண்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப் வால்ட்ல தங்கம், இந்தியாவுல இருந்து யாரும் அதுக்கு முன்ன அங்க தங்கம் வாங்குனதில்ல. அதே வருசம் அக்டோபர்ல ஓய்வு அறிவிச்சாங்க, 31 வயசு. ரியோவோட நிறுத்திட்டு பேசுனா பாதி கததான் பேசறோம் கண்ணு.

ஒரு வாசகர், வாளையார்: எங்க காலத்துல 10க்கு 10ன்னு கேள்விப்பட்டோம், இப்ப 15ன்னு சொல்றீங்களே?

2006ல முறைய மாத்திட்டாங்க சார். நீங்க கேள்விப்பட்டது நாதியா கொமனேச்சியா இருக்கும், ருமேனியா பொண்ணு, 1976 மாண்ட்ரியல்ல 14 வயசுல 10 எடுத்தா. ஸ்கோர் போர்டுல 10.00 காட்ட எடமே இல்லாம 1.00ன்னு விழுந்துச்சு, கூட்டத்துக்கு ஒண்ணும் புரியல. இப்ப ரெண்டு மார்க்க கூட்டறாங்க, வித்தை எவ்வளவு கஷ்டம்ங்கறதுக்கு ஒண்ணு, அதுக்கு எல்லையில்ல. எவ்வளவு சுத்தமா செஞ்சாங்கங்கறதுக்கு 10ல இருந்து கழிச்சுட்டே வர்றது இன்னொண்ணு. இதுல ஒரு வெனையும் இருக்கு, கஷ்டமான வித்தைக்கு மார்க் கூடங்கறதால புள்ளைங்க ஆபத்தானத தேடி போவாங்க. தீபாவோட காலத்துல ப்ரோதுநோவாவுக்கு கஷ்ட மார்க் 7.0, அப்பறம் அத கொறச்சுட்டாங்க. கொறச்சது நல்லதுன்னுதான் நான் சொல்வேன். அப்பறம் 14 வயசுல எல்லாம் இப்ப ஒலிம்பிக்ஸ் ஆட முடியாது, பொண்ணுங்களுக்கு அந்த வருசம் 16 ஆகணும்.

ஒரு தாத்தா, முதலமடை: என் சின்ன வயசுல மாந்தோப்பு பக்கம் டெண்டு போட்டு சர்க்கஸ் வரும், பார்ல ஆடற பொண்ணுங்க எல்லாம் தலச்சேரின்னு சொல்வாங்க. இந்த ஜிம்னாஸ்டிக்ஸும் அதும் ஒண்ணா டீச்சரம்மா?

ஐயா, நீங்க சரியான எடத்த தொட்டுட்டீங்க. தலச்சேரியில கீலேரி குஞ்ஞிக்கண்ணன்னு ஒரு மாஸ்டர் இருந்தாரு, களரியும் தெரியும், ஜிம்னாஸ்டிக்ஸும் தெரியும், ஸ்கூல்ல உடற்பயிற்சி சொல்லிக்குடுத்தவரு. மராட்டிக்காரர் விஷ்ணுபந்த் சத்ரே சர்க்கஸ் கூட்டிட்டு அந்த பக்கம் வந்தப்ப ரெண்டு பேருக்கும் பழக்கமாச்சு, 1901ல சிறக்கரயில சர்க்கஸுக்குன்னே குஞ்ஞிக்கண்ணன் ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரு. கேரளா சர்க்கஸுக்கு அவர்தான் தகப்பன்னு சொல்வாங்க. நீங்க பாத்த பார் ஆட்டம் எல்லாம் அந்த வேர்ல வந்ததுதான். அதே தலச்சேரியில இப்ப சாய் சென்டர்ல புள்ளைங்க ஜிம்னாஸ்டிக்ஸ் பழகறாங்க.

வித்தை ஒண்ணுதாங்க ஐயா, வாழ்க்கை வேற. சர்க்கஸ்ல கூட்டம் கை தட்டணும், தெனம் ரெண்டு மூணு ஷோ, மழை நாள்ல வயிறு காயும். இதுல ஒரு பொண்ணு நாலு வருசம் பழகறது ஒன்றரை நிமிசத்துக்காக, பாக்கறது நாலஞ்சு ஜட்ஜு, கால் கட்டைவிரல் மடங்கியிருந்தாலும் மார்க் போகும். அந்த கால சர்க்கஸ்ல சின்ன குழந்தைங்கள வீட்டுல இருந்து பிரிச்சு கூட்டிட்டு போய் என்ன பாடு படுத்துனாங்கன்னு நீங்களும் கேள்விப்பட்டிருப்பீங்க, சர்க்கஸ்ல குழந்தைங்கள வேலைக்கு வெக்கக்கூடாதுன்னு 2011ல சுப்ரீம் கோர்ட் சொன்னது அதனாலதான். விளையாட்டுங்கற பேர்லயும் அந்த பாடு படக்கூடாதுன்னுதான் நான் இவ்வளவு எழுதறேன்.

ஒரு அப்பா, வேலந்தாவளம்: அமெரிக்கா ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல பாதியில விலகிட்டாங்களே, நாட்டுக்காக ஆடறவங்க பயந்து பின்வாங்கலாமா? என் பையன் பார்ல ஆடறான், அவனுக்கு நான் என்ன சொல்றது?

பையனுக்கு சொல்றதுக்கு முன்ன நீங்க ஒண்ண தெரிஞ்சுக்கணுங்க. 2021 ஜூலை 27, டீம் பைனல், வால்ட்ல ரெண்டரை திருகு (ஒடம்ப பம்பரம் மாதிரி சுத்தறது) போட வேண்டியவங்க காத்துல எங்க இருக்கோம்னே தெரியாம ஒன்றரையோட எறங்கிட்டாங்க. ட்விஸ்டீஸ்னு சொல்வாங்க இத. தூரியில கண்ண மூடிட்டு வேகமா ஆடி பாருங்க, மேல எது கீழ எதுன்னு ஒரு நொடி கொழம்பும் பாருங்க, அது தரையில இருந்து மூணு மீட்டர் உசரத்துல, திருகிட்டு இருக்கறப்ப வந்தா எப்படி இருக்கும்? தைரியத்தால அத சரி பண்ண முடியாது, மூளையும் ஒடம்பும் கைவிட்டுப் போன சமாச்சாரம் அது.

விலகாம ஆடுனா என்ன ஆகும்னு இன்னொரு பொண்ணு கதைய சொல்றேன். யெலீனா முகினா, சோவியத்து, 1978 உலக சாம்பியன். கால் ஒடிஞ்சு சரியா கூடல, மாஸ்கோ ஒலிம்பிக்ஸ் வருதுன்னு பழக வெச்சுட்டே இருந்தாங்க, ஆபத்தான ஒரு பல்டிய. 1980 ஜூலை, ஒலிம்பிக்ஸுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப தாடை தரையில மோதி கழுத்து ஒடிஞ்சுது. 20 வயசு. அதுக்கப்பறம் கழுத்துக்கு கீழ அசைவில்லாம படுக்கையிலயே இருந்து 2006ல செத்துப்போனாங்க. யாராவது ஒரு பெரியவங்க "போதும் நிறுத்து"ன்னு சொல்லியிருந்தா...

பைல்ஸ் விலகுனாங்க, டீம் வெள்ளி வாங்குச்சு, ஒரு வாரம் கழிச்சு திருகு இல்லாத எறக்கத்தோட பீம் ஆடி வெண்கலம் வாங்குனாங்க. 2024 பாரிஸ்ல 27 வயசுல மூணு தங்கம் ஒரு வெள்ளி, ஒலிம்பிக்ஸ் பதக்கம் மட்டும் மொத்தம் 11. விலகாம இருந்திருந்தா இதெல்லாம் இருந்திருக்குமான்னு யோசிச்சு பாருங்க.

பையன்கிட்ட சொல்லுங்க, "முடியலைன்னு உனக்கு தோணுனா அன்னிக்கு எறங்கிக்கோ, நான் கோவிச்சுக்க மாட்டேன்"னு. அப்பா வாயால கேக்கணும் அவன்.

பேர் வேண்டாம், கோபாலபுரம்: பொண்ணுக்கு 13, ஹாஸ்டல்ல தங்கி ஜிம்னாஸ்டிக்ஸ் பண்றா. இன்னும் வயசுக்கு வரல. சோறு கொறைக்க சொல்றாங்களாம், வீட்டுக்கு வந்தாலும் அரை இட்லி திங்கறா. அக்கம்பக்கத்துல இந்த ஆட்டம் ஆடுனா வளத்தி நின்னுரும்ங்கறாங்க.

வளத்தி விசயம் மொதல்ல. ஆடறதால குட்டையாகறது இல்ல, குட்டையான ஒடம்பு காத்துல சீக்கிரம் சுத்தும், அதனால அந்த வாகு உள்ளவங்கதான் இதுல மேல வர்றாங்க. பைல்ஸ் 142 சென்டிமீட்டர்தான்.

ஆனா அரை இட்லி எனக்கு தூக்கம் வர விடாது. தெனம் நாலஞ்சு மணி நேரம் ஒழைக்கற வளர்ற புள்ளைக்கு சோறு பத்தலைன்னா ஒடம்பு மொதல்ல மாதவிடாய தள்ளிப்போடும், அப்பறம் எலும்பு பலம் கொறையும், லேசான குதிப்புக்கே எலும்புல கீறல் விழும். 13 வயசுல வயசுக்கு வரலைங்கறது மட்டும் பயப்பட வேண்டிய விசயம் இல்ல. ஆனா மார்பு வளர்ச்சியும் இன்னும் தொடங்கலைன்னாலோ, 15 ஆகியும் வரலைன்னாலோ கண்டிப்பா டாக்டர் பாக்கணும். உங்க பொண்ணு சாப்பாட்ட கொறைக்கறதால நான் சொல்றது இந்த லீவுலயே லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. இவ இவ்வளவு நேரம் ஆடறா, இவ்வளவுதான் திங்கறான்னு தயங்காம சொல்லுங்க. ஹாஸ்டல்ல போய் கேளுங்க, சோத்த கொறைக்க சொன்னது யாரு, எந்த டாக்டர கேட்டு சொன்னாங்கன்னு. பொண்ணு எடை போடற மெஷின பாத்து பயப்படறாளான்னு கவனிங்க. அந்த பயம் இருந்தா பதக்கமே வந்தாலும் அந்த எடம் வேண்டாம்.

இன்னொரு அம்மா, கொல்லங்கோடு: கோச்சு ஆம்பள, புள்ளைய தொட்டுத்தான் சொல்லிக்குடுக்கறாரு. தப்பா நெனக்கறதா வேண்டாமா?

பல்டி பழகறப்ப இடுப்புலயும் முதுகுலயும் கை குடுத்து தாங்கறது வழக்கம், அது இல்லைன்னா புள்ள விழுந்துரும். ஆனா நீங்க பாத்துட்டே இருக்கற எடத்துல நடக்கணும். கதவு சாத்துன ரூம்ல தனியா பயிற்சி, தனியா மசாஜ், தனியா மெசேஜ், இது மூணும் கூடவே கூடாது, யாரா இருந்தாலும். அமெரிக்காவுல லாரி நாசர்னு ஜிம்னாஸ்டிக்ஸ் டீம் டாக்டர், வைத்தியம்ங்கற பேர்ல வருசக்கணக்கா புள்ளைங்கள நாசம் பண்ணுனான், பல நேரம் பெத்தவங்க அதே ரூம்ல இருக்கறப்பவே. 2018ல கோர்ட்டுல 150 பேருக்கு மேல நின்னு பேசுனாங்க. பைல்ஸும் தனக்கு நடந்தத அந்த வருசம்தான் வெளிய சொன்னாங்க. புள்ளைங்க சொன்னப்ப பெரியவங்க நம்பல, அதான் அவ்வளவு வருசம் ஓடுச்சு. உங்க புள்ள எதாவது சொன்னா மொதல்ல நம்புங்க. குழந்தைங்களுக்கான உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணலாம், எந்நேரமும்.

ஒரு வாசகி, நென்மாறை: தம்பி பையன் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டிக்கு போறான், சளிக்கு லேகியம் குடுத்து விடலாமா?

டீம் டாக்டர கேக்காம எதையும் குடுக்காதீங்க, லேகியமா இருந்தாலும் இருமல் மருந்தா இருந்தாலும். தீபா மாட்டுனது ஹைஜெனமின்ங்கற பொருளால, அது சில செடியில இயற்கையாவே இருக்கு. தெரியாம ஒடம்புக்குள்ள போயிருச்சுன்னு அவங்க சொன்னாங்க, ஆனாலும் 21 மாசம் போச்சு.

34 வயசு, ரெண்டு புள்ளைங்க அம்மா, மீனாட்சிபுரம்: ஸ்கூல்ல நல்லா ஆடுனேன், கல்யாணத்தோட விட்டுட்டேன். இனி ஆச எல்லாம் அவ்வளவுதானா டீச்சர்?

ஒக்சானா சுசோவிட்டினா பேர எழுதி வெச்சுக்கோங்க. உஸ்பெகிஸ்தான் புகாராவுல பொறந்தவங்க. 2002ல அவங்க மகனுக்கு ரத்தப் புற்றுநோய், வைத்தியத்துக்காக ஜெர்மனி போனாங்க, போட்டியில வர்ற காசும் அந்த வைத்தியத்துக்குத்தான். 2008 பெய்ஜிங்ல 33 வயசுல வால்ட்ல வெள்ளி. மகன் பொழச்சு வளந்துட்டான், அம்மா டோக்கியோவுல 46 வயசுல எட்டாவது ஒலிம்பிக்ஸ் ஆடுனாங்க. உங்கள ஒலிம்பிக்ஸ் போங்கன்னு சொல்லல. வாரத்துல மூணு நாள் உருள்றது, கைல நிக்கறது, ஒடம்ப வளைக்கறதுன்னு ஆரம்பிங்க, முட்டி எப்படி இருக்குன்னு ஒரு தடவ காட்டிட்டு. புள்ளைங்களையும் பக்கத்துல உருள விடுங்க.

நாலாம் கிளாஸ், வண்டித்தாவளம்: டீச்சர் பீம்ல நடக்கறப்ப கீழ பாக்கலாமா?

தங்கம், கீழ பாக்காத, பீமோட கடைசி முனைய பாரு. கண்ணு எங்க போகுதோ ஒடம்பும் அங்கதான் போகும். பெரியவங்க ஆடற பீம் அகலம் 10 சென்டிமீட்டர், உன் ஸ்கேல்ல முக்கால்வாசி கூட வராது, நீளம் 5 மீட்டர். உன் வீட்டு வாசல்ல சாக்பீஸ்ல அதே அளவு ரெண்டு கோடு போடு, செருப்பு இல்லாம, கைய பக்கவாட்டுல விரிச்சு நட. மொதல்ல முன்னால, பழகுனதும் பின்னால. வெளிய கால் பட்டா எண்ணிக்கோ. ஒரு வாரம் கழிச்சு மொத நாள் எத்தன தடவ, ஏழாவது நாள் எத்தன தடவன்னு எனக்கு எழுதி அனுப்பு.